நீளும் துணியும் நீளாத தையலும்

டி-ஷர்ட் ஒன்றை எடுத்து அதன் கீழ்மடிப்பை உள்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். வெளியே இரண்டு நேர்கோடுகளாகத் தெரியும் தையல், உள்ளே நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய ஒரு பட்டையாக இருக்கும். இரு கைகளாலும் பிடித்து இழுத்தால் துணியோடு தையலும் நீளும். விட்டால் இரண்டும் சேர்ந்தே திரும்பி வரும். திருப்பூரில் இதற்கு ‘பேட்லாக்’ என்று பெயர். தோள், கை, பக்கவாட்டு இணைப்புகளுக்கு ‘ஓவர்லாக்’. வேலைக்கு ஆள் தேடும் விளம்பரங்களிலேயே ஓவர்லாக் டெய்லர், பேட்லாக் டெய்லர் என்று தனித்தனியாகத்தான் கேட்பார்கள். நம் வீட்டுத் தையல் இயந்திரம் போடுகிற சாதாரணத் தையலுக்கு அங்கே ‘சிங்கர்’ என்று பெயர். பனியன் துணியில் அதற்கு வேலை குறைவு. லேபிள் வைக்கவும் பட்டன் பட்டி தைக்கவும் இப்படி இழுபடாத இடங்களுக்கும்தான் அதைத் தேடுவார்கள்.

அந்தச் சாதாரணத் தையல், பூட்டுத் தையல். மேலிருந்து ஊசி நூல், கீழிருந்து பாபின் நூல், இரண்டும் துணியின் தடிமனுக்குள் ஒன்றையொன்று கோத்துக்கொள்கின்றன. எலியாஸ் ஹோவே 1846-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இயந்திரம் போட்டதும் இதே தையல்தான். உறுதியானது, சிக்கனமானது, ஒரு முனையை இழுத்தால் மளமளவென்று பிரிந்து வராதது. ஆனால் ஒவ்வொரு தையலிலும் மேற்பரப்பில் கிடக்கும் நூலின் நீளம் ஏறக்குறைய அந்தத் தையலின் நீளமேதான். கையிருப்பு கிடையாது. துணியை இழுத்தால் விட்டுக்கொடுக்க நூலிடம் ஒன்றுமில்லை. பேட்லாக், ஓவர்லாக் தையல்களில் நூல் வளைந்து வளைந்து போகிறது. அந்த வளைவுகள்தான் அவற்றின் கையிருப்பு.

இப்போது வீடுகளுக்குள் வந்துவிட்ட கணினி எம்பிராய்டரி இயந்திரம் பூட்டுத் தையலைத் தவிர வேறெதையும் அறியாது. ரோஜாவோ, குழந்தையின் பெயரோ, கல்லூரிச் சின்னமோ எதைத் தைத்தாலும் நம் கண்ணுக்கு அழகாகத் தெரிவது, நீளமும் திசையும் மாறிக்கொண்டே போகும் பூட்டுத் தையல்களின் கூட்டம்தான். ரவிக்கைகளில் ஆரி ஊசி போடும் சங்கிலித் தையல் சற்று நீளும். இந்த இயந்திரத்தால் அதைப் போட முடியாது. ஆக, டி-ஷர்ட்டுக்குக் கொஞ்சமும் ஒத்துவராத ஒரு தையலை, உள்ளங்கை அளவு இடத்தில், ஆயிரக்கணக்கில் திணிப்பதற்குத்தான் டி-ஷர்ட் எம்பிராய்டரி என்று பெயர். புது இயந்திரத்தில் தைத்த முதல் டி-ஷர்ட் படத்தைச் சுற்றிச் சுருங்கிப்போய் வெளியே வந்ததும் இயந்திரத்தைத் திட்டுகிறவர்கள் அதிகம். பாவம், அது சொன்ன இடத்தில் சொன்னபடி குத்தியிருக்கிறது. துணிதான் அந்த இடத்தில் நிற்கவில்லை.

துணிமேல் பூப்போட இயந்திரம் செய்யும் முயற்சி பழையது. பிரான்ஸின் முலூஸ் நகரில் ஜோசுவே ஹெய்ல்மான் 1828-இல் ஒன்றை அமைத்தார். பெரிய வரைபடத்தின் மேல் ஒருவர் முள்ளை நகர்த்த, சட்டத்தில் மாட்டிய துணி அதே வடிவத்தைச் சிறிதாக்கி நகரும், வரிசையாக நிற்கும் ஊசிகள் ஒரே நேரத்தில் தைக்கும். சுவிட்சர்லாந்தில் ஐசக் க்ரோப்லி 1863-இல் படகு வடிவ ஓடத்தைக் கொண்டு பூட்டுத் தையலை இந்த வேலைக்குள் கொண்டுவந்தார். 1898-இல் அவருடைய மகன், முள்ளை நகர்த்தும் ஆளுக்குப் பதிலாகத் துளையிட்ட அட்டையை வைத்தார். ஜப்பானின் ஜனோமி நிறுவனத்தின் மெமரி கிராஃப்ட் 8000 வீடுகளுக்கென்று 1990-இல் வந்தது. ஹெய்ல்மான் காலத்திலிருந்து மாறாத ஒன்று உண்டு: ஊசி ஒரே பாதையில் போய்வருகிறது, துணி நகர்கிறது. இது பின்னால் நமக்குத் தேவைப்படும்.

முதலில் துணி. வேட்டியிலும் சட்டைத் துணியிலும் பாவு நூல் ஒரு பக்கமும் ஊடை நூல் இன்னொரு பக்கமும் நேராக ஓடுகின்றன. இழுத்தால் நூலே நீண்டால்தான் துணி நீளும். பனியன் துணியில் நேராக ஓடும் நூலே கிடையாது. ஒரே நூல் கண்ணி கண்ணியாக வளைந்து, மேல் வரிசைக் கண்ணி கீழ் வரிசைக் கண்ணிக்குள் புகுந்து தொங்குகிறது. துணியை இழுக்கும்போது பஞ்சு நீள்வதில்லை, கண்ணியின் வடிவம் மாறுகிறது. வட்டமாக இருந்தது பக்கவாட்டில் படுக்கிறது, அல்லது மேல்கீழாக நீண்டு ஒடுங்குகிறது. வடிவத்தை மாற்ற மிகச் சிறிய விசையே போதும். அதனால்தான் பனியன் உடம்புக்கு இதமாக இருக்கிறது, அதே காரணத்தால்தான் எம்பிராய்டரிக்குத் தொல்லையாகவும் இருக்கிறது. சாதாரண ஜெர்சி துணி நெடுக்குவாட்டைவிடக் குறுக்குவாட்டில் அதிகம் நீளும். டி-ஷர்ட்டை மார்பின் குறுக்கே ஒருமுறையும் கழுத்திலிருந்து இடுப்பு நோக்கி ஒருமுறையும் இழுத்துப் பார்த்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும்.

இந்தக் கண்ணிகளில் ஒன்று அறுந்தால் அது பிடித்துவைத்திருந்த கீழ்க் கண்ணியும் விடுபடும். பனியனில் சிறு ஓட்டை ஏணிப்படியாகக் கீழிறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே ஊசி முக்கியமாகிறது. 75/11 என்று உறையில் அச்சிட்டிருக்கும் ஊசியின் தண்டு 0.75 மி.மீ. தடிமன் கொண்டது. கூர்முனை ஊசி வழியில் இருக்கும் நூலைக் குத்திக்கொண்டே இறங்கும். முனை மழுங்கிய உருண்டைமுனை ஊசி நூலை ஒதுக்கிவிட்டுக் கண்ணிகளுக்கு நடுவே நுழையும். முழுதாக நிரப்பிய ஒரு படத்தில் வரிக்கு வரி கால் மி.மீ. இடைவெளி, தையல் ஒவ்வொன்றும் 4 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர செ.மீ. இடத்தில் 100 குத்துகள் விழும். 0.75 மி.மீ. ஊசி ஒவ்வொரு முறையும் அதே அளவு வட்டத்தை வெட்டி எடுத்திருந்தால் அந்தச் சதுரத்தில் ஏறக்குறைய பாதித் துணி காணாமல் போயிருக்கும். ஊசி ஒதுக்கிப் போவதால்தான் துணி பிழைக்கிறது. சட்டைத் துணிக்கு மாட்டிய கூர்முனை ஊசியையே டி-ஷர்ட்டுக்கும் விட்டுவைப்பவர்கள் முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லையே என்று நினைப்பார்கள். ஓட்டைகள் நாலைந்து சலவைக்குப் பிறகு, படத்தின் ஓரம் பார்த்து வரும்.

ஊசி மேலே வரும் நேரத்தில் நடப்பது இன்னும் நுட்பமானது. அடிமட்டத்தைத் தொட்டுவிட்டு ஊசி 2 மி.மீ. அளவுக்கு ஏறும்போது, துணியோடு உரசுவதால் நூல் கூடவே ஏற முடியாமல் ஊசியின் பின்புறம் ஒரு சிறு வளையமாக உப்புகிறது. கீழே சுழலும் கொக்கியின் முனை சரியாக அந்தக் கணத்தில் வந்து வளையத்தைப் பிடித்து, பாபினைச் சுற்றி இழுத்துக்கொண்டு போகிறது. தையல் விழுவது இந்த உப்பலை நம்பித்தான். துணி தளர்வாக இருந்தால் ஊசி ஏறும்போது துணியும் ஒட்டிக்கொண்டு ஏறும். துணியும் நூலும் சேர்ந்தே ஏறினால் உப்பல் வராது, கொக்கி வெறுங்காற்றைப் பிடிக்கும், தையல் தவறும். கொஞ்சம் உப்பினால் கொக்கி நூலின் பாதி இழைகளை மட்டும் பிடித்துப் பிய்க்கும், நூல் அறும். நூல் தரமில்லை என்று கடையில் திருப்பிக் கொடுக்கப்படும் எத்தனையோ நூல்கண்டுகளின் குற்றம் உண்மையில் துள்ளிய துணியினுடையது.

நூல் படும் பாட்டையும் சொல்லிவிடலாம். ஒரு தையலுக்குச் செலவாவது அரை செ.மீ. நூல் என்றால், அந்த வளையம் பாபினைச் சுற்றிவர 10 செ.மீ.-க்கு மேல் நூல் வேண்டும். எனவே ஒவ்வொரு தையலிலும் அவ்வளவு நூல் கீழே போய், மிச்சமெல்லாம் மேலே திரும்புகிறது. துணியில் உட்காரும் முன் நூலின் ஒவ்வொரு புள்ளியும் ஊசியின் சின்னக் காதுவழியே இருபது முறைக்கும் மேல் போய்வந்திருக்கும். ரேயான் நூலின் பளபளப்பு அழகுதான், ஆனால் ஈரத்தில் அதன் வலு குறையும். வாரம் இரண்டு முறை சலவைக்குப் போகும் டி-ஷர்ட்டுக்கு நான் பாலியெஸ்டர் பக்கம்தான்.

துணியை நிற்க வைக்க என்ன வழி? நீளும் துணியை நீளாத ஒன்றோடு கட்டிப்போடுவதுதான். துணிக்கு அடியில் வைக்கும் ஸ்டெபிலைசர் அதற்குத்தான். கடைகளில் பொதுவாகப் பேப்பர் என்றே கேட்பார்கள், பெரும்பாலும் காகிதம் இல்லை. நெய்யாமலும் பின்னாமலும் இழைகளை எல்லாத் திசையிலும் பரப்பி அழுத்திய தாள். எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏதோ சில இழைகள் நேராக நின்று தடுக்கும். இதில் கிழித்தெடுக்கும் வகையும் உண்டு, கத்தரித்து எடுக்கும் வகையும் உண்டு. தைத்தபின் கிழித்தெடுப்பது வேலைக்குச் சுலபம், பின்பக்கம் சுத்தமாக இருக்கும். தொப்பிக்கும் ஜீன்ஸுக்கும் அது போதும். டி-ஷர்ட்டுக்குப் போதாது. கிழிபடுவதற்கென்றே செய்த தாள் ஆயிரக்கணக்கான குத்துகளுக்குப் பிறகு தைத்துக்கொண்டிருக்கும்போதே தபால்தலை ஓரமாகக் கிழிய ஆரம்பிக்கலாம், மீதியும் சலவையில் உதிர்ந்துபோகும். அதற்குப்பின் நீளாத தையலும் நீளும் துணியும் தனியாக மாட்டிக்கொள்ளும். கத்தரிக்கும் வகை படத்தைச் சுற்றி அரை செ.மீ. விட்டு வெட்டப்பட்டு, டி-ஷர்ட் இருக்கும்வரை கூடவே இருக்கும். 50 முதல் 85 ஜிஎஸ்எம் வரை கிடைக்கிறது, அதாவது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை அத்தனை கிராம். வெள்ளை டி-ஷர்ட்டில் வெளியே நிழல் தெரியாமலிருக்க வலைபோட்ட மெல்லிய வகை நல்லது.

இன்னொரு தாள் மேலே வருவது. பார்க்கப் பாலிதீன் உறையாகத் தெரியும், ஆனால் பாலிவினைல் ஆல்கஹால். இதன் மூலக்கூறுச் சங்கிலி நெடுக நீரை விரும்பும் ஹைட்ராக்சில் தொகுதிகள் தொங்குகின்றன, அதனால் தண்ணீரில் கரைந்துபோகும். தைக்கும்போது நூல் கண்ணிகளுக்குள் புதையாமல் மேலே தாங்கி நிற்கும், முடிந்ததும் ஈரத் துணியால் ஒற்றினால் மறைந்துவிடும். சிறிய எழுத்துகளுக்கு இது பெரிய உதவி. ஒரு எச்சரிக்கை: காற்றிலுள்ள ஈரத்தையும் அது விரும்பும். ஐப்பசி மழையில் திறந்து வைத்தால் துவண்டு ஒட்டிக்கொள்ளும். இறுக்கி மூடிய டப்பாவில் வைக்க வேண்டும்.

இனி ஹூப். கைத்தையல் பழகியவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். துணியை வளையத்தில் மாட்டி, தட்டினால் டங்கென்று ஒலிக்கும்வரை இழுப்பது கைப்பழக்கம். நெசவுத் துணியில் அது சரி. பனியன் துணியை அப்படி இழுத்து மாட்டினால், 10 செ.மீ. துணி சத்தமில்லாமல் பத்தரையாகியிருக்கும். அந்த நிலையில் படம் கச்சிதமாக விழும். ஹூப்பைக் கழற்றியதும் படத்துக்கு வெளியே இருக்கும் துணி பழைய அளவுக்குத் திரும்பும். தையலுக்கு அடியில் மாட்டிய துணியால் திரும்ப முடியாது. அந்த அரை செ.மீ. எங்கே போகும்? சுற்றிலும் அலையலையாகச் சுருக்கம் விழும், இஸ்திரிப் பெட்டியால் அதை ஒன்றும் செய்ய முடியாது. அதனால் பழகியவர்கள் ஸ்டெபிலைசரை மட்டும் ஹூப்பில் டங்கென்று மாட்டி, அதன்மேல் தற்காலிகப் பசையைத் தெளித்து, டி-ஷர்ட்டை இழுக்காமல் தடவி ஒட்டிவிடுகிறார்கள். துணி ஹூப்புக்குள் போகவே வேண்டாம், ஓரத்தில் வட்டத் தழும்பும் விழாது.

டி-ஷர்ட் ஒரு குழாய் என்பதை மறப்பவர்களுக்கென்று தனி வகுப்பே நடத்தலாம். வீட்டு இயந்திரத்தின் மேடை தட்டையானது. முன்பக்கத்தைத் தைக்கும்போது முதுகுப்பக்கம் சத்தமில்லாமல் அடியில் நுழைந்து, பத்து நிமிடத்தில் முன்னும் பின்னும் ஒன்றாகத் தைக்கப்பட்டு, தலை நுழைய வழியில்லாத சட்டை கிடைக்கும். உள்பக்கத்தை வெளியே திருப்பி, மிச்சத் துணியைச் சுருட்டி ஹூப்பைச் சுற்றிக் கிளிப் போட்டு வைப்பது இதற்காகத்தான்.

சுருட்டி வைத்த அந்த மிச்சத் துணிக்கு எடை உண்டு என்பது அடுத்த விஷயம். நிமிடத்துக்கு 600 தையல் என்பது வீட்டு இயந்திரங்களில் சாதாரண வேகம். நொடிக்கு 10. ஒரு தையலுக்கு நூறு மில்லிநொடி, அதில் ஊசி துணிக்கு வெளியே இருப்பது ஏறக்குறைய பாதி நேரம். ஊசி உள்ளே இருக்கும்போது ஹூப் நகர்ந்தால் ஊசி வளையும் என்பதால் அந்த ஐம்பது மில்லிநொடிக்குள் ஹூப் புறப்பட்டு, 4 மி.மீ. போய், நின்றுவிட வேண்டும். பாதி தூரம் சீராக வேகம் கூட்டி, மீதித் தூரத்தில் அதேபோல் குறைத்தால் தேவைப்படும் முடுக்கம் 6.4 மீ/வி². புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, நொடிக்குப் பத்து முறை, ஒவ்வொரு முறையும் வேறு திசையில். இதைச் செய்யும் சிறு படிநிலை மோட்டார்களுக்கு ஹூப்பின் எடை தெரியும், மேசை விளிம்பில் தொங்கும் ஜீன்ஸின் எடையோ பெரியவர் டி-ஷர்ட்டின் எடையோ தெரியாது. துணி தொங்கி இழுத்தால் ஹூப் ஒவ்வொரு முறையும் துளித்துளியாகப் பின்தங்கும், ஒட்டிய துணியும் நழுவும். பூவின் இதழ் ஓரிடத்திலும் அதன் விளிம்புக்கோடு இன்னோரிடத்திலும் விழுவதற்கு இதுவும் காரணம். மேசைமேல் துணியைத் தளர்வாகப் பரப்பி வைப்பதும் வேகத்தைக் குறைப்பதும் காசு செலவில்லாத வைத்தியங்கள்.

படம் எப்படி இயந்திரத்துக்குள் போகிறது? கைப்பேசியில் எடுத்த புகைப்படத்தைக் கொடுத்தால் தைத்துவிடும் என்று நினைத்து வாங்குபவர்கள் உண்டு. இயந்திரத்துக்குப் படம் என்று ஒன்று தெரியாது. அதற்குத் தெரிந்தது பயணம்: இங்கிருந்து வலப்பக்கம் இத்தனை, மேலே இத்தனை நகர்ந்து ஒரு குத்து, பிறகு இன்னொரு நகர்வு, இன்னொரு குத்து. படத்தைப் பார்த்து இந்தப் பயணத்தை எழுதுவது பஞ்சிங் செய்பவரின் வேலை. தொழில்துறையில் பரவலாக இருக்கும் டிஎஸ்டி என்ற கோப்பு வகை இதை எழுதும் விதம் எனக்குப் பிடித்தமானது. அதன் அலகு 0.1 மி.மீ. ஒரு தையலுக்கு 3 பைட். நகர வேண்டிய தூரம் 1, 3, 9, 27, 81 என்ற ஐந்து எண்களைக் கூட்டியோ கழித்தோ எழுதப்படுகிறது. இருபக்கத் தட்டுள்ள தராசில் இந்த ஐந்து எடைக்கற்களை இரு தட்டிலும் மாற்றி மாற்றி வைத்து 121 வரை எந்த எடையையும் நிறுத்துவிடலாம் என்ற பழைய கணக்குப் புதிரேதான். 5 மி.மீ. நகர வேண்டுமானால் 50 அலகு: 81-இலிருந்து 27, 3, 1 ஆகிய மூன்றையும் கழித்தால் சரி. ஐந்தையும் கூட்டினால் 121, ஆகவே ஒரே தாவலில் 12.1 மி.மீ.-க்கு மேல் போக முடியாது. அதைத் தாண்டினால் இரண்டு மூன்று துண்டாக எழுத வேண்டும். 10,000 தையல் கொண்ட படம் இந்தக் கணக்கில் முப்பது கிலோபைட்டும் கொஞ்சமும்தான். காலை வணக்கம் சொல்லி வரும் ஒரு வாட்ஸ்அப் படம் இதைவிடப் பெரிது. நிறம் எது என்பதும் இந்தக் கோப்பில் கிடையாது. ‘இங்கே நூலை மாற்று’ என்று மட்டும் இருக்கும். சிவப்பா நீலமா என்பதை நாம்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மென்பொருளே ஒரே சொடுக்கில் படத்தைத் தையலாக்கித் தரும் வசதி இப்போது எல்லாவற்றிலும் வருகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. காரணம், திரையில் இருக்கும் வட்டம் துணியில் வட்டமாக வராது. ஒவ்வொரு தையலும் தன் இரு முனைகளையும் உள்நோக்கி இழுக்கிறது. படுக்கைவாட்டில் தைத்து நிரப்பிய வட்டம் அகலத்தில் குறுகும். ஒதுக்கப்பட்ட துணி மேலும் கீழும் பிதுங்கும், வட்டம் நெட்டையாகும். இந்த இழுப்பின் விசை அற்பமானதல்ல. பளபளவென்று பக்கத்துக்குப் பக்கம் போய்வரும் சாட்டின் தையல் பட்டையில், ஒரு செ.மீ. நீளத்துக்குள் சுமார் 50 நூல் கிடக்கும். ஒரு நூலில் வெறும் 10 கிராம் இழுவை மிச்சமிருந்தாலும் மொத்தம் அரை கிலோ. ஒரு செ.மீ. பனியன் துணியை ஒடுக்க அது தாராளம். எனவே பஞ்சிங் தெரிந்தவர் முன்கூட்டியே வட்டத்தை அகலத்தில் பெரிதாக, உயரத்தில் சிறிதாக வரைகிறார். ஓரத்துக்கு 0.2 முதல் 0.4 மி.மீ. வரை கூட்டிவைக்கிறார். அழகுத் தையலுக்கு முன் அகல இடைவெளியில் ஓர் அடித்தையல் போட்டுத் துணியையும் ஸ்டெபிலைசரையும் ஒன்றாக்குகிறார். நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக நகர்கிறார், பிதுங்கும் துணி ஓரத்துக்குத் தள்ளப்பட்டு வெளியேற. இவை எதுவும் படத்தில் தெரிவதில்லை. துணியைத் தெரிந்தவருக்கு மட்டுமே தெரியும்.

எழுத்துகளில் இது இன்னும் துல்லியமாக வெளிப்படும். ‘ட’வை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நிற்கும் கோட்டில் சாட்டின் தையல்கள் படுக்கைவாட்டில் ஓடுகின்றன, டி-ஷர்ட் அதிகம் நீளும் திசையும் அதுதான். ஆகவே நிற்கும் கோடு அதிகம் ஒடுங்கும். கீழே படுத்திருக்கும் கோட்டின் தையல்கள் நெடுக்குவாட்டில் இழுப்பதால் அது அவ்வளவு ஒடுங்காது. திரையில் இரண்டும் ஒரே தடிமன், துணியில் ஒன்று இளைத்துவிடும். இயந்திரத்தோடு வரும் எழுத்துருக்கள் பெரும்பாலும் ரோமன் எழுத்துகளே, அவற்றுக்கு இந்தத் திருத்தங்கள் முன்பே செய்யப்பட்டிருக்கும். தமிழுக்கு நாமே செய்ய வேண்டும். இங்க்ஸ்கேப்பில் சேர்த்துக்கொள்ளும் இலவச மென்பொருளான இங்க்/ஸ்டிச்சில் செய்ய முடியும், பொறுமை வேண்டும்.

பொறுமையைச் சோதிப்பது ‘ண’. அதன் நடுவே குறுக்காக ஒரு கோடு போட்டால் எழுத்தின் கோடுகளை ஐந்தாறு இடத்தில் வெட்டும். சாட்டின் கோடு 1 மி.மீ.-க்குக் குறைந்தால் நிற்காது. இரு கோடுகளுக்கு நடுவே அதே அளவாவது இடம் விட்டால்தான் நூல் உப்பி அடைத்துக்கொள்ளாமல் இருக்கும். ஆறு கோடு, ஐந்து இடைவெளி: அந்த ஓர் எழுத்துக்கே 11 மி.மீ. அகலம். ‘ஞ’, ‘ணை’ இவற்றின் சுழிகளும் இப்படித்தான், கொஞ்சம் சிறிதாக்கினாலும் சுழிக்குள் கண் அடைபட்டு நூல்முடிச்சாகிவிடும். 10 செ.மீ. ஹூப்பில் ‘ராமா’ என்று கால் அங்குல உயரத்தில் எழுதிவிடலாம். ‘கண்ணன்’ அதைவிடப் பெரிதாக எழுதினால்தான் படிக்க முடியும். புள்ளி இன்னொரு வம்பு. அச்சில் இருக்கும் அளவிலேயே வைத்தால் நாலைந்து குத்து ஒரே இடத்தில் விழுந்து நூல் குவியும், ஊசி திணறும், பனியன் துணியில் அங்கேதான் முதல் ஓட்டை. புள்ளியைக் கோட்டின் தடிமனைவிடப் பெரிதாக, 2 மி.மீ. அளவுக்கு, எழுத்திலிருந்து சற்று விலக்கி வைப்பது நல்லது. அச்சுக்கலை தெரிந்தவர்கள் முகம் சுளிக்கலாம், படிப்பவர்களுக்கு எழுத்து சரியாகத் தெரியும்.

முழுதாக நிரப்பிய பெரிய படங்கள்மேல் எனக்குள்ள வருத்தத்தை ஒரு கணக்கால் சொல்கிறேன். எம்பிராய்டரியில் வழக்கமான 40-ஆம் எண் நூல், 120 டெனியர் இழை இரண்டை முறுக்கியது. 9,000 மீட்டர் நூலின் எடை 240 கிராம். கால் மி.மீ.-க்கு ஒரு வரி என்று ஒரு சதுர மீட்டரை நிரப்பினால் 4,000 மீட்டர் நூல் மேற்புறத்தில் மட்டும் கிடக்கும்: 107 கிராம். அடியில் பாபின் நூல், இடையில் அடித்தையல், கீழே ஸ்டெபிலைசர். சாதாரண டி-ஷர்ட் துணி 140 முதல் 180 ஜிஎஸ்எம். ஆக, படம் இருக்கும் இடத்தில் துணியின் எடையைவிட மேலே ஏற்றியதன் எடை அதிகம். அகலமான சிங்க முகத்தை மார்பில் நிரப்பித் தைத்த டி-ஷர்ட்டில் மார்புப் பகுதி தகடாக நிற்பதும், அதன் கனத்தில் கழுத்து தொங்குவதும் வேறெதனாலும் இல்லை. மேலும் அந்த இடத்தில் காற்று புகாது. நம் ஊர் வெயிலுக்குப் பருத்தி பனியன் போடும் காரணத்தையே அது அடித்துவிடுகிறது. அதுபோன்ற படங்களுக்கு அச்சு இருக்கிறதே.

சலவை பற்றிக் கொஞ்சம். பின்னும்போதும் சாயமேற்றும்போதும் இழுபட்ட கண்ணிகள், தண்ணீரில் பருத்தி இழை ஊறியதும் தங்கள் இயல்பான வடிவத்துக்குத் திரும்புகின்றன. முதல் சலவையில் டி-ஷர்ட் நீளத்தில் குறைவது இதனால்தான். திருப்பூரில் காம்பாக்டிங் என்று துணியை முன்பே நெருக்கிச் சுருக்கி இதைக் குறைக்கிறார்கள், முழுக்கப் போவதில்லை. பாலியெஸ்டர் நூல் சுருங்காது. புது டி-ஷர்ட்டில் அப்படியே தைத்துவிட்டால் முதல் சலவையில் துணி சுருங்கும், படம் சுருங்காது, தைத்த அன்று தட்டையாக இருந்த படம் கொடியில் காயும்போது குமிழும். முதலில் துவைத்துக் காயவைத்துவிட்டுத் தைத்தால் பாதித் தொல்லை போகும். இஸ்திரி உள்பக்கம் திருப்பி, அடியில் துவாலை விரித்து. பருத்திக்கென்று வைத்த சூட்டில் நேரே மேலே தேய்த்தால் பாலியெஸ்டர் நூல் நசுங்கி அதன் மினுக்கம் போய்விடும். குழந்தைகளின் டி-ஷர்ட்டானால் உட்புறத்து நூல்முனைகள் தோலில் உரசும், சூட்டில் ஒட்டும் மென்துணி ஒன்றை அதன்மேல் ஒட்டிவிடலாம்.

பனியன் துணிக்கு உண்மையில் பொருந்துவது கோட்டுச் சித்திரம். ஓட்டுத் தையலால் மட்டும் போகும் கோடு துணியின் கண்ணிகளைப் பெரிதாகக் கட்டிப்போடாது, இரு பக்கமும் துணி சுதந்திரமாக இருக்கும். ஆனால் கோடுகளுக்கு வேறொரு சிக்கல் உண்டு. ஒரு கோடு முடிந்து இன்னோரிடத்தில் அடுத்தது தொடங்கினால் இயந்திரம் முடிச்சிட்டு, தாவி, மறுபடி முடிச்சிட வேண்டும். ஒவ்வொரு தாவலும் கத்தரிக்க ஒரு நூல், பின்னால் உறுத்த இரண்டு முடிச்சு. கையை எடுக்காமல் எல்லாக் கோட்டையும் ஒருமுறை கடந்து முடிக்கும் பாதை இருக்கிறதா என்பது ஆய்லர் 18-ஆம் நூற்றாண்டில் கோனிக்ஸ்பெர்க் நகரத்துப் பாலங்களை வைத்து விடை சொன்ன கேள்வி: கோடுகளெல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருந்து, சந்திகள் ஒவ்வொன்றிலும் கூடும் கோடுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால், புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவரும் பாதை உண்டு. சிக்குக் கோலத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடம் ஒவ்வொன்றிலும் நான்கு கிளைகள். ஒரே இழையில் முடியும் கோலங்கள் இந்தப் பாதையைத் தாங்களே சொல்லிவிடுகின்றன. கோலங்களின் இந்தக் கணித அமைப்பைச் சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோன்மணியும் உடன் ஆய்வாளர்களும் 1970-களிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள்.

10 செ.மீ. ஹூப்புக்குள் அடங்கும் ஒரு சிக்குக் கோலத்தின் இழை ஒரு மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.5 மி.மீ. தையலில் 400 குத்து. கோடு கொஞ்சம் தடிமனாகத் தெரிய அதே பாதையில் மூன்று முறை ஓடினாலும் 1,200. நிரப்பிய படத்தின் பத்தாயிரத்தில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. புள்ளிகளை விட்டுவிட்டால் நடுவில் ஒரு தாவலும் கிடையாது, முடிச்சு தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. அடியில் மெல்லிய வலைத்தாள் போதும். நிமிடத்துக்கு 600 என்ற வேகத்தில், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.